அவர் ஏன் தப்பிக்கவில்லை? ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆசிரியப் பெருமக்களுக்கு,

தமிழ்நாட்டின் கடலோர ஊர்களில் சமூக அறிவியலும் தமிழும் நடத்துகிற உங்களுக்கு இதை எழுதுகிறேன். நான் சரக்குக் கப்பல்களில் இன்ஜின் ரூமில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். படித்தது குறைவு. உங்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் தகுதி எனக்கு இல்லை. ஆனாலும் ஒரு விஷயம் ஓராண்டாக என் நெஞ்சில் முள்ளாகக் குத்திக்கொண்டிருக்கிறது. அதை உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது என்று தெரியவில்லை.

சென்ற டிசம்பரில் ஒரு பள்ளி விழாவுக்கு என்னைச் சிறப்பு விருந்தினராகக் கூப்பிட்டிருந்தார்கள். எந்தப் பள்ளி என்பது வேண்டாம். கடற்படை நாளை ஒட்டிய விழா. ஓர் ஆசிரியர் மேடையில் கேப்டன் மகேந்திர நாத் முல்லாவின் கதையைச் சொன்னார். நல்ல குரல், நல்ல தமிழ். கப்பல் மூழ்கினால் கேப்டனும் கூடவே மூழ்க வேண்டும், அதுதான் கடலின் மரபு, முல்லா அந்த மரபுக்காக உயிரைக் கொடுத்தார் என்று சொல்லி முடித்தார். கைதட்டல் அடங்கியபோது ஏழாம் வகுப்பு வரிசையில் ஒரு பெண்பிள்ளை எழுந்து நின்றது.

“சார், அவர் ஏன் தப்பிக்கல? நீச்சல் தெரியாதா?”

அரங்கமே சிரித்தது. “உக்காரும்மா. பெரியவங்க பேசும்போது இப்படியெல்லாம் கேட்கக் கூடாது” என்றார் ஆசிரியர். பிள்ளை உட்கார்ந்துவிட்டது. முகம் சுருங்கிப் போனதை நான் பார்த்தேன். தோளில் பொன்னாடையோடு மேடையில் உட்கார்ந்திருந்த நானும் வாயைத் திறக்கவில்லை. அந்தக் கூட்டத்தில் அவ்வளவு நேரமும் பேசப்பட்டவற்றில் உருப்படியான ஒன்று என்றால் அது அந்தப் பிள்ளையின் கேள்விதான். அதற்குப் பதில் தெரிந்த ஒருவன் மேடையிலேயே இருந்தான். அவனும் சும்மா இருந்துவிட்டான். அந்தக் கடனைத் தீர்க்கத்தான் இந்த மடல்.

முதலில் நடந்ததைச் சொல்கிறேன். உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். ஆனால் மேடையில் சொல்லச் சொல்லக் கதை தேய்ந்துபோய், நடந்தது ஒன்றும் கேட்பது ஒன்றுமாக ஆகிவிட்டது.

1971 டிசம்பர் 9. இந்திய-பாகிஸ்தான் போர் தொடங்கி ஒரு வாரம்கூட ஆகவில்லை. கராச்சித் துறைமுகத்தை நம் ஏவுகணைப் படகுகள் தாக்கிய டிசம்பர் 4-ஐத்தான் இன்று கடற்படை நாளாகக் கொண்டாடுகிறோம். அதற்கு ஐந்து நாள் கழித்து, குஜராத்தை ஒட்டிய டையூவுக்கு அப்பால், ஐஎன்எஸ் குக்ரி, ஐஎன்எஸ் கிர்பான் என்ற நம் போர்க்கப்பல்கள் ஒரு பாகிஸ்தான் நீர்மூழ்கியைத் தேடிக்கொண்டிருந்தன. நீர்மூழ்கியின் பெயர் ஹாங்கோர். இரவு எட்டே முக்கால், ஒன்பது மணி வாக்கில் அது ஏவிய டார்பிடோ குக்ரியைத் தாக்கியது. சில நிமிடங்களில் கப்பல் மூழ்கிவிட்டது. 18 அதிகாரிகளும் 176 மாலுமிகளும் போனார்கள். 67 பேர் பிழைத்தார்கள். உடன் வந்த கிர்பான்மீதும் டார்பிடோ ஏவப்பட்டதால் அது விலகிப் போக வேண்டியதாயிற்று. இரவெல்லாம் தண்ணீரில் கிடந்தவர்களை மீட்புக் கப்பல்கள் மறுநாள் வந்துதான் ஏற்றிக்கொண்டன.

குக்ரியின் கேப்டன் முல்லா. கோரக்பூரில் பிறந்தவர், அப்போது வயது 45. அவருக்கு மகாவீர் சக்கரம் கொடுத்தபோது எழுதிய சான்றுரையை ஒரு முறை நிதானமாகப் படித்துப் பாருங்கள் என்று உங்களைக் கேட்டுக்கொள்கிறேன். கப்பலைக் கைவிடுவது என்று அவர் முடிவெடுத்தது அதில் இருக்கிறது. ஆட்களைப் படகிலும் மிதவையிலும் ஏற்றும் வேலையைப் பதறாமல் ஒழுங்காக நடத்தியது இருக்கிறது. தன் உயிர்காப்புச் சாதனத்தை ஒரு மாலுமிக்குக் கொடுத்துவிட்டது இருக்கிறது. அதற்கு அடுத்து வருகிற ஒரு செய்தியைத்தான் நம் மேடைகள் விழுங்கிவிடுகின்றன. முடிந்த அளவு ஆட்களை அனுப்பிவிட்டு, இன்னும் என்ன செய்ய முடியும் என்று பார்க்க அவர் மறுபடி பிரிட்ஜுக்கு, கப்பலை நடத்தும் மேல்தளத்துக்கு, போனார். அப்படிப் போனவரைத்தான் கப்பலோடு இறங்கக் கண்டார்கள்.

ஆசிரியர்களே, இதில் கடல் மரபு எங்கே வருகிறது? சாவதற்காக அவர் மேலே ஏறவில்லை. உள்ளே இன்னும் ஆள் இருந்தது, அதனால் ஏறினார். பிரிட்ஜில் தன் பக்கத்தில் நின்ற இளம் அதிகாரிகளை அவர் வெளியே தள்ளிவிட்டதாகப் பிழைத்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். “நீங்களும் வாருங்கள்” என்று கூப்பிட்டவர்களுக்கு அவர் தன் வேலை முடியவில்லை என்ற பதிலைத்தான் செயலில் காட்டினார். கப்பல் என்கிற இரும்பின்மேல் வைத்த பாசத்தால் ஒருவன் சாவது வேறு. கடைசி ஆளையும் வெளியேற்றப் போய்ச் சாவது வேறு. முன்னதைப் பிள்ளைகளுக்கு நாம் பாடமாகச் சொல்லக் கூடாது என்றே நினைக்கிறேன். வீணாகச் சாவதை வீரம் என்று பதின்மூன்று வயதில் நம்பிவிட்ட பிள்ளை பின்னால் எங்கே போய் முட்டிக்கொள்ளும் என்று யாருக்குத் தெரியும்?

எனவே அந்தப் பெண்பிள்ளைக்கு என் பதில் இதுதான்: தப்பிக்க வழி இருந்ததம்மா. ஒரு லைஃப் ஜாக்கெட் இருந்தது. அதை இன்னொருவருக்குக் கட்டிவிட்டார். பிறகு அவருக்கு இன்னும் வேலை இருந்தது.

லைஃப் ஜாக்கெட்டைக் கொடுத்தார் என்பதை நாம் ஒரு வாக்கியத்தில் சொல்லிவிட்டுப் போகிறோம். பேனா கொடுத்தார், குடை கொடுத்தார் என்பதுபோல. அது எப்படிப்பட்ட காரியம் என்று எனக்குத் தெரியும். எப்படித் தெரியும் என்பதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஆனால் அதைச் சொன்னால்தான் நான் கேட்கப்போவது உங்களுக்குப் புரியும்.

எனக்கு அப்போது 23 வயது. ஆயில்மேனாகச் சேர்ந்து இரண்டாவது கப்பல். வங்காள விரிகுடாவில் ஓர் இரவு ஜெனரேட்டர் பக்கம் எண்ணெய்க் குழாயில் கசிவு ஏற்பட்டுத் தீப்பிடித்தது. மணி அடித்தது. ஏழு சின்ன மணி, பிறகு ஒரு நீள மணி. கப்பலில் வேலை பார்த்த யாரும் அந்தச் சத்தத்தைத் தூக்கத்தில்கூட மறக்க மாட்டார்கள். விளக்கு அணைந்துவிட்டது. நான் என் லைஃப் ஜாக்கெட்டைத் தலைவழியாக மாட்டிக்கொண்டு, சுவரைத் தடவித் தடவிப் படகுத் தளத்துக்கு ஓடினேன். அங்கே எல்லாரும் வரிசையாக நின்றார்கள். மெஸ் பாய் மட்டும் வெறும் பனியனோடு நின்றான். பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பையன். அவனுடைய ஜாக்கெட் கேபினில். கேபின் இருந்த பாதையில் புகை.

அவன் என் பக்கத்தில்தான் நின்றான். என்னைப் பார்த்தான். அந்த நேரம் என் கை தானாக இடுப்பில் இருந்த நாடாவுக்குப் போனது. முடிச்சை அவிழ்க்கப் போகவில்லை. இன்னொரு சுற்றுச் சுற்றி இறுக்கப் போனது.

எங்கள் செராங்கு, அதாவது மாலுமிகளின் தலைவர், காயல்பட்டினத்துக்காரர். அண்ணன் என்ற பொருளில் நாங்கள் எல்லாரும் காக்கா என்று கூப்பிடுவோம். ஐம்பது வயதைத் தாண்டியவர், முழங்கால் வலிக்காரர். ஆள் கணக்கு எடுத்துக்கொண்டே வந்தவர், பையன் முன்னால் வந்ததும் நின்றார். ஒன்றும் கேட்கவில்லை. தன் ஜாக்கெட்டைக் கழற்றினார். பையன் தலையில் மாட்டினார். முதுகுப் பக்கம் நாடாவைக் கொண்டுபோய் முன்னால் இழுத்து, சின்னப் பிள்ளைக்குப் பாவாடை நாடா கட்டுவதுபோல் இரட்டை முடிச்சுப் போட்டார். இழுத்துப் பார்த்தார். பிறகு அடுத்த ஆளை எண்ணப் போய்விட்டார். அரை மணி நேரத்தில் தீ அணைந்தது. யாரும் கடலில் குதிக்கவில்லை, யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. அந்த அரை மணி நேரத்தில் நான் யார் என்பது எனக்குத் தெரிந்துவிட்டது, அவ்வளவுதான்.

காக்கா அதைப்பற்றிப் பிறகு ஒரு வார்த்தை பேசியதில்லை. சில மாதம் கழித்து அதே கப்பல் காண்ட்லாவுக்குப் போனது. சௌராஷ்டிரக் கரையை ஒட்டி, இரவு வாட்ச் முடிந்து நான் மேலே காற்று வாங்க வந்தபோது அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு தனியாக நின்றார். தூரத்தில் கரை விளக்கு ஒன்று மினுக்கியது. “அது டையூப் பக்கம் தம்பி. இங்கேதான் குக்ரி கெடக்கு” என்றார். அதுவரை அந்தப் பெயரை நான் கேட்டதில்லை. கேப்டன் லைஃப் ஜாக்கெட்டைக் கொடுத்த கதையை அவர்தான் எனக்குச் சொன்னார். சொல்லி முடித்து, இரண்டு உள்ளங்கையையும் விரித்து, உதடு அசைய துவா ஓதினார். அன்று அவர் என்னைக் குத்திக்காட்டுவதற்காகச் சொன்னாரா, இல்லை, அந்த இடத்தைக் கடக்கும்போதெல்லாம் யாராவது ஒரு சின்னவனுக்குச் சொல்வது அவர் வழக்கமா, இன்றுவரை எனக்குத் தெரியாது. எதுவானாலும் கோபம் இல்லை.

நான் அவரிடம் கேட்ட கேள்வி ஒன்று நினைவிருக்கிறது. “அந்த ஜாக்கெட் வாங்கின ஆள் பேரு என்ன காக்கா?” அவருக்குத் தெரியவில்லை. சான்றுரையும் ‘ஒரு மாலுமி’ என்பதோடு நிறுத்திக்கொள்கிறது.

இங்கே உங்கள்மேல் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. உங்கள்மேல் மட்டுமல்ல, மேடையேறுகிற நம் எல்லார்மேலும்தான். முல்லாவைச் சொல்கிறோம். அவரோடு போன 193 பேரை எண்ணாகச் சொல்லிவிட்டுக் கடந்துவிடுகிறோம். கப்பலில் இன்ஜின் ரூம் என்பது நீர்மட்டத்துக்குக் கீழே இருக்கும். செங்குத்தான இரும்பு ஏணி. வெளிச்சம் இருக்கும்போதே எண்ணெய்க் கையோடு ஏறினால் வழுக்கும். அடிவயிற்றில் டார்பிடோ வெடித்து, விளக்கு அணைந்து, கப்பல் சாய்ந்துவிட்டால் அந்த ஏணி ஏணியாக இருக்காது. பாய்லர் பக்கமும் இன்ஜின் பக்கமும் அந்த இரவு வாட்சில் இருந்தவர்களை நினைத்தால் எனக்கு இன்றும் மூச்சு முட்டுகிறது. அவர்களில் யார் யாரைத் தூக்கிவிட்டார்கள், யார் யாருக்கு வழிவிட்டு நின்றார்கள் என்று நமக்குத் தெரியாது. முல்லாவின் செயலைப் பார்க்க சாட்சி இருந்தது. அவர்களுக்கு அதுவும் இல்லை.

சாதாரண வீரனைப் பெயரில்லாமல் எண்ணாகக் கடந்துபோவது நம் மண்ணின் வழக்கமாக இருந்ததில்லை. நீங்களே பாடம் நடத்துகிறீர்கள், நடுகல் என்று. மாடு கவர வந்தவர்களோடு நடந்த சண்டையில் ஊர் ஆநிரையை மீட்கப்போய் இறந்தவனுக்குக் கல் நட்டார்கள். அவன் அரசன் இல்லை, தளபதி இல்லை. ஆனால் கல்லில் அவன் பெயர் இருக்கும், யாருடைய சேவகன் என்பது இருக்கும், எந்த இடத்தில் எதற்காக விழுந்தான் என்பது இருக்கும். திருவண்ணாமலைப் பக்கம் எடுத்தனூரில் மகேந்திரவர்மன் காலத்து நடுகல் ஒன்றில் வீரனோடு நின்று கள்வரைக் கடித்த நாயின் பெயரைக்கூடப் பொறித்திருக்கிறார்கள். கோவிவன். 1,300 ஆண்டுகளுக்கு மேலாக அந்தப் பெயர் நிற்கிறது. இவ்வளவு நுணுக்கமாக நன்றி சொல்லத் தெரிந்தவர்களின் பிள்ளைகள் நாம். கடலில் கல் நட முடியாது என்பது உண்மைதான். வகுப்பில் நடலாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1914 செப்டம்பர் 22 இரவு எம்டன் என்ற ஜெர்மன் கப்பல் சென்னையில் குண்டு போட்டது. துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகள் எரிந்தன. எம்டன் அரை மணி நேரம்கூட நிற்கவில்லை. ஆனால் நூறு ஆண்டு தாண்டியும் கெட்டிக்காரனை, பொல்லாதவனை ‘சரியான எம்டன்’ என்று சொல்கிறோம். பள்ளிக்கூடம் போகாதவருக்கும் அந்தச் சொல் தெரியும். நம்மை அடித்த கப்பலின் பெயர் நம் நாக்கில் ஒட்டிக்கொண்டது. நமக்காக மூழ்கிய கப்பலின் பெயரைப் பத்துப் பேரிடம் கேளுங்கள். நான் கேட்டுப் பார்த்திருக்கிறேன். என் தெருவில் ஒருவரும் சொல்லவில்லை.

மாலுமிகளை யாரும் நினைவில் வைத்திருக்க முடியாது, அது இயல்பு என்று நீங்கள் சொல்லலாம். அப்படியில்லை என்பதற்கு ஆஸ்திரேலியாவில் ஒரு சான்று இருக்கிறது. டெடி ஷீன் என்ற பையன். டாஸ்மேனியாவில் பிறந்தவன், வயது 18, கடைநிலை மாலுமி. 1942 டிசம்பர் 1 அன்று திமோர் கடலில் அவன் கப்பலான ஆர்மிடேலை ஜப்பானிய விமானங்கள் டார்பிடோவால் அடித்தன. கப்பலை விட்டு இறங்க உத்தரவாகிவிட்டது. தண்ணீரில் விழுந்தவர்களை விமானங்கள் தாழப் பறந்து சுட்டன. மிதவையை அவிழ்க்க உதவிக்கொண்டிருந்த ஷீனுக்கும் குண்டு பட்டது. அவன் குதிக்கவில்லை. பின்பக்கத்து விமான எதிர்ப்புத் துப்பாக்கிக்குத் திரும்பிப் போய், வாரால் தன்னை அதோடு பிணைத்துக்கொண்டு சுட்டான். ஒரு விமானத்தை வீழ்த்தினான். கப்பல் அவனை இழுத்துக்கொண்டு போனபோதும் துப்பாக்கி ஓயவில்லை என்று தண்ணீரில் கிடந்தவர்கள் சொன்னார்கள். கப்பலில் இருந்த 149 பேரில் 49 பேர்தான் கடைசியில் உயிரோடு திரும்பினார்கள். அவர்களில் பலர் தாங்கள் பிழைத்தது அவனால்தான் என்று சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

அந்தப் பையனுக்கு அப்போது கிடைத்தது அறிக்கையில் ஒரு குறிப்பு மட்டும். உறவினர்களும் டாஸ்மேனியாக்காரர்களும் விடவில்லை. அவனுக்கு உயரிய வீர விருது வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். 2013-ல் ஒரு விசாரணைக் குழு முடியாது என்றது. 2020 மே மாதம் அரசாங்கமும் முடியாது என்றது. மறுபடி கேட்டார்கள். அதே ஆண்டில் அவனுக்கு விக்டோரியா கிராஸ் கிடைத்தது, 78 ஆண்டு கழித்து. அதற்கு முன்பே ஒரு நீர்மூழ்கிக் கப்பலுக்கு அவன் பெயரை வைத்திருந்தார்கள். விருது பெரிதா சிறிதா என்பது எனக்கு முக்கியம் இல்லை. மூன்று தலைமுறை ஒரு பையனைப் பேர் சொல்லிப் பேசிக்கொண்டே இருந்ததே, அதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். அது வகுப்பறையிலும் வீட்டுத் திண்ணையிலும் நடக்கிற வேலை.

குக்ரியின் கதையைச் சொல்லும்போது எதையும் மறைக்காமல் சொல்லுங்கள் என்றும் கேட்கிறேன். குக்ரி 1950-களில் பிரிட்டனில் கட்டப்பட்ட கப்பல். ஹாங்கோர் அதற்குப் பின்னால் வந்த பிரெஞ்சு நீர்மூழ்கி. குக்ரி நீருக்கடியில் ஒலியால் தேடும் தன் சோனார் கருவியால் நீர்மூழ்கியைக் கண்டுபிடிக்கும் தூரத்துக்குப் போவதற்கு வெகு முன்பே நீர்மூழ்கியால் குக்ரியைக் கேட்க முடிந்தது. வேட்டைக்குப் போனவனுக்குக் காது மந்தம், வேட்டையாடப்படுவதற்குக் காது கூர்மை. இந்தக் குறை அதிகாரிகளுக்குத் தெரியாததல்ல. தெரிந்தே போனார்கள், வேறு கப்பல் இல்லாததால் போனார்கள். இதைச் சொன்னால் வீரம் குறைந்துவிடுமோ என்று உங்களில் சிலர் தயங்குகிறீர்கள். குறையாது. தியாகத்தைப் புகழ்ந்துவிட்டு, தியாகம் தேவைப்பட்டதற்கான காரணத்தைக் கேட்காமல் விடுகிற பிள்ளைகளை நாம் வளர்க்க வேண்டாம். நாளைக்கு அவர்களில் ஒருவர் கப்பல் வாங்கும் இடத்தில், கப்பலைச் சோதிக்கும் இடத்தில் உட்காரலாம். அன்றைக்கு இந்தக் கேள்வி அவர்களுக்கு வர வேண்டும்.

வெறுப்பையும் சேர்த்து ஊட்ட வேண்டாம். ஹாங்கோரை ஓட்டியவர் தன் நாட்டுக்குத் தன் வேலையைச் செய்தார். அந்த நீர்மூழ்கியைக் கராச்சியில் அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள். அவர்களுக்கு அது பெருமை, நமக்கு அது துக்கம். முல்லாவின் கடைசி நிமிடங்களில் பகைவன் இல்லை. இருட்டும், தண்ணீரும், தன் ஆட்களும்தான் இருந்தார்கள். பிள்ளைகளுக்கும் அதையே காட்டுங்கள்.

நமக்கும் டையூவில் நினைவிடம் இருக்கிறது. கடலைப் பார்த்தபடி, கண்ணாடிக் கூண்டுக்குள் குக்ரியின் சிறிய மாதிரி. அதே பெயரில் பின்னால் வந்த குக்ரி என்ற போர்க்கப்பலும் 2021 டிசம்பரில் பணி ஓய்வு பெற்று, அடுத்த மாதமே டையூவுக்கு அருங்காட்சியகமாகக் கொடுக்கப்பட்டது. ஆனால் தூத்துக்குடியிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் எத்தனை பிள்ளைகள் டையூவுக்குப் போகப் போகிறார்கள்? உங்கள் வகுப்பறைக்குத்தான் வரப் போகிறார்கள்.

நான் கேட்பது பெரிய காரியமில்லை. டிசம்பர் 9 அன்று ஒரு பாட வேளை. அரையாண்டுத் தேர்வு நெருங்கும் நேரம் என்பது எனக்குத் தெரியும். என் மருமகளும் ஆசிரியைதான், பாடத்தை முடிக்க அவள் படும் பாட்டை வீட்டில் பார்க்கிறேன். ஒரு பாட வேளை முடியாவிட்டால் காலை வழிபாட்டில் பத்து நிமிடம். பேச்சுப் போட்டி வேண்டாம். அட்டையில் வரைந்த கப்பல் வேண்டாம். மாறுவேடத்தில் ஒரு பையனுக்கு மீசை ஒட்டி நாற்காலியில் உட்கார வைத்து மூழ்க வைக்கவும் வேண்டாம்.

ஒரு லைஃப் ஜாக்கெட்டைக் கொண்டுவாருங்கள். கடலோர ஊரில் அது கிடைக்காத பொருள் இல்லை. ஒரு பிள்ளையைக் கூப்பிட்டு மாட்டச் சொல்லுங்கள். நாடாவைக் கட்டச் சொல்லுங்கள், முடிச்சு இறுகியிருக்கிறதா என்று இழுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பிறகு விளக்கை அணைத்துவிட்டு, அதைக் கழற்றிப் பக்கத்தில் இருப்பவருக்குக் கட்டிவிடச் சொல்லுங்கள். இருட்டில் இன்னொருவர் முதுகைச் சுற்றி அந்த நாடாவைக் கொண்டுவந்து கட்ட எவ்வளவு நேரம் ஆகிறது என்று வகுப்பே எண்ணட்டும். அவ்வளவு நேரமும் குக்ரி மூழ்கிக்கொண்டிருந்தது என்று மட்டும் சொல்லுங்கள். அதன் பிறகு நீங்கள் பேசாமல் இருந்தாலும் பிள்ளைகள் கேட்பார்கள்.

கன்னியாகுமரி, தூத்துக்குடிப் பக்கத்து ஆசிரியர்களுக்குத் தனியாக ஒரு சொல். 2017 ஒக்கிப் புயலில் கடலுக்குப் போனவர் திரும்பாத வீடுகள் உங்கள் ஊர்களில் இருக்கின்றன. அந்த வீட்டுப் பிள்ளைகளும் அவர்களுக்குப் பிந்தியவர்களும் உங்கள் முன்னால் உட்கார்ந்திருப்பார்கள். அவர்களிடம் கடலில் சாவதை அழகாக்கிச் சொல்லாதீர்கள். இன்றும் நம் மீனவர்களில் பலர், வலை இழுக்க இடைஞ்சல், வெக்கை என்று லைஃப் ஜாக்கெட்டை மாட்டாமல்தான் போகிறார்கள். அந்த வகுப்பில் ஒரு பிள்ளை வீட்டுக்குப் போய், “அப்பா, அந்தக் கேப்டன் உயிரைக் கொடுத்து ஒருத்தருக்குக் கட்டிவிட்டாரே, அதை நீங்க ஏன் வீட்லயே தொங்கவிட்டுட்டுப் போறீங்க?” என்று கேட்டால், அதைவிட முல்லாவுக்கு வேறு என்ன மரியாதை செய்துவிட முடியும்?

அப்புறம், கேள்வி கேட்கும் பிள்ளையை உட்காரச் சொல்லாதீர்கள். நீச்சல் தெரியாதா என்று கேட்ட அந்தப் பிள்ளை அவமரியாதையாகக் கேட்கவில்லை. அந்த மனிதர் பிழைத்திருக்கக் கூடாதா என்ற ஏக்கத்தில் கேட்டது. 1971-ல் கோரக்பூரிலும், கடற்கரை ஊர்களிலும், மலை ஊர்களிலும் 194 வீடுகளில் கேட்ட கேள்வியும் அதுதான். அதற்குச் சிரிப்பு பதிலில்லை.

அந்தப் பள்ளிக்கு மறுபடி போய்ப் பேச அனுமதி கேட்டிருக்கிறேன். இந்த ஆண்டு அந்தப் பிள்ளை எட்டாம் வகுப்பில் இருக்கும். பழைய கப்பல் சாமான் விற்கும் கடையில் வாங்கிய லைஃப் ஜாக்கெட் ஒன்று என் வீட்டில் இருக்கிறது. நிறம் மங்கிவிட்டது, விசில் தொலைந்துவிட்டது, நாடாக்கள் நன்றாக இருக்கின்றன. தூத்துக்குடியைச் சுற்றி எந்தப் பள்ளி கேட்டாலும் பஸ் ஏறிக் கொண்டுவருகிறேன். பொன்னாடை வேண்டாம், மேடையும் வேண்டாம். வகுப்பறையில் ஓர் ஓரமாக நிற்க இடம் கொடுத்தால் போதும். முடிச்சுப் போடுவது எப்படி என்று காக்கா போட்டதைப் பார்த்தவன், அதை மட்டும் பிள்ளைகளுக்குக் காட்டிவிட்டுப் போகிறேன்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற கப்பல் தொழிலாளி ஒருவர்
தூத்துக்குடி